முதலில் இறந்தது யார்?

பாம்பனிலிருந்து அப்பாவும் மகனும் ஒரே படகில் கடலுக்குப் போகிறார்கள், புயலில் படகு திரும்பவில்லை என்று வைத்துக்கொள்வோம். முதலில் மூழ்கியது யார் என்று சொல்ல ஆளில்லை. ஆனால் சட்டத்திடம் பதில் இருக்கிறது. வேறு சாட்சியம் இல்லாவிட்டால் வயதில் இளையவரே பின்னால் இறந்ததாகக் கொள்ள வேண்டும் என்கிறது 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு.

யார் முன்னால் போனால் என்ன என்று கேட்கலாம். மகன் கல்யாணமாகாதவன், கரையில் அம்மாவும் தங்கையும் இருக்கிறார்கள். அப்பா உயில் எழுதவில்லை. மகன் முதலில் இறந்திருந்தால் அப்பா சம்பாதித்த சொத்தில் அம்மாவுக்குப் பாதி, தங்கைக்குப் பாதி. அப்பா முதலில் இறந்தார் என்றால் சொத்து மூன்று பங்காகிறது. மகனின் பங்கு அவனுடைய தாய்க்குப் போய்விடும். தங்கைக்குக் கிடைப்பது மூன்றில் ஒன்றுதான்.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் தனுஷ்கோடியைக் கடல் கொண்டபோது, பாசஞ்சர் ரயிலோடும் வீடுகளோடும் குடும்பம் குடும்பமாகப் போனார்கள். இன்றும் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள் உண்டு. உடல் கிடைக்காவிட்டால், பொதுவாக ஏழு ஆண்டுகள் தகவலே இல்லை என்ற பிறகே இறந்ததாகக் கருதுவார்கள். இறந்த தேதியை அந்த ஏழாண்டுக் கணக்கு சொல்லாது. தேதியைச் சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும்.

காணாமல் போன மகன் கல்யாணமானவனாக இருந்து, இதற்குள் அப்பா இறந்துவிட்டால் வீட்டில் சச்சரவு தொடங்கும். “அவன்தான் போயிட்டானே, அவனுக்கு எதுக்குப் பங்கு?” என்று அண்ணன் தம்பிகள் கேட்பார்கள். இந்துக் குடும்பங்களில் இந்தப் பேச்சுக்கு இடமே இல்லை. அவன் உயிரோடு இருந்தால் பங்கு அவனுக்கு. அப்பாவுக்கு முன்பே இறந்திருந்தால் அதே ஒரு பங்கு அவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும். அப்பாவுக்குப் பின் இறந்திருந்தால் அவனுடைய தாயும் அந்தப் பங்கில் சேர்ந்துகொள்வார், அவ்வளவுதான். அப்படியிருந்தும் பட்டாவில் பெயர் மாற்றும்போது முதலில் விடுபடுவது மருமகளின் பெயர்தான். அவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பிப் போயிருந்தால் கேட்கவே வேண்டாம்.

கிறிஸ்தவக் குடும்பமானால் விடை சற்று மாறும். 1925-ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி முன்பே இறந்த மகனின் பங்கு அவன் பிள்ளைகளுக்கு உண்டு. மாமனார் சொத்தில் மருமகளுக்கு எதுவும் இல்லை. பிள்ளை இல்லாத விதவை வெறுங்கையோடு நிற்பாள்.

முஸ்லிம் குடும்பங்களில்தான் இறப்பின் வரிசை எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. அப்பாவுக்கு முன் ஒரு மகன் இறந்து, இன்னொரு மகன் உயிரோடு இருந்தால், இறந்தவனின் பிள்ளைகளுக்குப் பாட்டனார் சொத்தில் பங்கில்லை. இந்தச் சிக்கலை முஸ்லிம் நாடுகளே கவனித்திருக்கின்றன. எகிப்து 1946-இல் பேரப்பிள்ளைகளுக்குக் கட்டாய வஸிய்யத் (உயில்) கொண்டுவந்தது. பாகிஸ்தான் 1961-இல் தகப்பனின் பங்கையே அவர்களுக்குக் கொடுத்தது. இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. ஆனால் வழி இருக்கிறது: வாரிசாக இல்லாத பேரனுக்கு மூன்றில் ஒரு பங்குவரை வஸிய்யத் எழுதலாம், உயிரோடு இருக்கும்போதே ஹிபாவாகவும் (தானமாகவும்) கொடுக்கலாம். மகளுக்குக் கல்யாணத்தோடு வீட்டைக் கொடுத்துவிடும் கீழக்கரை வழக்கத்தை வரதட்சிணைக் கணக்கில் சேர்த்துக் குறை சொல்கிறவர்கள் உண்டு. அந்த வீட்டை இறப்பின் வரிசை தொடுவதில்லை என்பதையும் அவர்கள் பார்க்க வேண்டும்.

வரிசையைப் பிடித்துக்கொண்டு ஒரு குடும்பம் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்குச் சிவகங்கையே சாட்சி. 1985 வரை ராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்த ஊர். ஆங்கிலேயர்கள் ஜமீன்தாராக்கிய கௌரி வல்லபத் தேவர் 1829-இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அவருடைய அண்ணன் ஒய்யாத் தேவர் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே இறந்திருந்தார். ஜமீன் அண்ணன் மகனின் கைக்குப் போனது. இது கூட்டுக்குடும்பச் சொத்து, ஆகவே எஞ்சியிருக்கும் ஆண்களுக்கே என்பது அவர்கள் தரப்பு வாதம். கௌரி வல்லபரின் மனைவி அங்கமுத்து நாச்சியார் வழக்காடியே 1850-இல் காலமானார். மகள் காத்தம நாச்சியார் வழக்கைக் கையில் எடுத்தார். 1863-இல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்புச் சொன்னது: குடும்பம் பிரியாமல் இருந்தாலும் ஜமீன் கௌரி வல்லபர் தனியாகப் பெற்றது, அது மனைவிக்கும் பிறகு மகளுக்கும்தான். ஜமீன்தார் இறந்து 34 ஆண்டுகள் கழித்து மகளுக்கு நியாயம் கிடைத்தது. வழக்குக்குச் செலவழிக்க அவர்களிடம் ஜமீன் பெயராவது இருந்தது. தங்கச்சிமடத்தில் இரண்டு சென்ட் மனைக்கு யார் அவ்வளவு தூரம் போவார்கள்?

மகன் இறந்த வீட்டில் துக்கத்துக்கு நடுவே சொத்துப் பேச்சை எடுப்பது அழகில்லை என்று பெரியவர்கள் வாயைத் திறப்பதில்லை. அந்தக் கௌரவத்தின் விலையைப் பேரப்பிள்ளைகள்தான் கொடுக்கிறார்கள். பாட்டனார் இருக்கும்போது அவர் ஒரு வார்த்தை சொன்னால் முடியும் காரியம், அவர் போன பிறகு முதுகுளத்தூர் கோர்ட்டுக்கும் ராமநாதபுரம் கோர்ட்டுக்கும் நடையாக மாறுகிறது.

ஏற்கெனவே உயில் எழுதியவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. உயிலில் பெயர் உள்ளவர், எழுதியவருக்கு முன் இறந்தால், அவருக்கு எழுதியது பொதுவாகச் செல்லாது. இந்துக்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் ஒரு விலக்கு உண்டு: இறந்தவர் எழுதியவரின் மகனோ மகளோ பேரப்பிள்ளையோ ஆக இருந்து, அவருக்குப் பிள்ளைகளும் இருந்தால், சொத்து அவருடைய வாரிசுகளுக்குப் போகும். தம்பிக்கோ மருமகளுக்கோ எழுதியிருந்தால் இந்த விலக்கு உதவாது. ஆகவே “இவர் எனக்கு முன் இறந்தால் இன்னாருக்கு” என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையில்லை, பதிவும் கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, அவர்களும் கையெழுத்துப் போட்டால் போதும். பதிவு செய்துவிட்டால், “அது அப்பா கையெழுத்தே இல்லை” என்று பிறகு கிளப்பப்படும் சண்டைக்கு வலு குறையும்.