ஆலா? அரசா?



நம் பள்ளி மைதானத்தில் ஒரு மரம் நடப்போகிறோம். என்ன மரம் என்று கேட்டால் எங்க வகுப்பில் பாதிப் பேர், "அரசு! அது ராத்திரியிலும் ஆக்சிஜன் விடும்" என்கிறார்கள். நான் ஆல் கட்சி.

முதலில் அந்தக் காரணமே தப்பு. ஒளிச்சேர்க்கைக்கு ஒளி வேண்டும் என்று அறிவியல் பாடத்தில் படித்தோமே! இருட்டில் எந்த மரமும் ஆக்சிஜன் விடாது. அரசும் அப்போது நம்மைப் போல மூச்சுதான் விடுகிறது.

ஆலும் அரசும் அண்ணன் தம்பி. இரண்டும் ஃபைகஸ் என்ற ஒரே பேரினம். இரண்டிலும் இலையைக் கிள்ளினால் பால் வரும். இரண்டுக்கும் பூ, காய் மாதிரி இருக்கும் உருண்டைக்குள் ஒளிந்திருக்கும். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் குட்டிக் குளவி உள்ளே போய் மகரந்தம் சேர்க்கும்.

ஆனால் ஆல இலை தடிப்பு, முட்டை வடிவம். அரச இலை இதய வடிவம், நுனி வால் மாதிரி நீளும். காம்பு நீளம் என்பதால் லேசான காத்துக்கே சலசலக்கும். ஆலம்பழம் சிவப்பு, அரசம்பழம் பழுத்தால் கருஊதா. பெரிய வித்தியாசம், தரை தொட்டதும் தூணாகத் தடிக்கும் விழுது. அது ஆலுக்கே உரியது. சென்னை அடையாறு ஆலமரத்தின் அடிமரம் 1989-ல் புயலில் சாய்ந்தது. கொல்கத்தா தாவரவியல் தோட்டத்து ஆலமரத்தின் அடிமரத்தை, பூஞ்சை பிடித்ததால் 1925-ல் எடுத்துவிட்டார்கள். விழுதுகள் தாங்க, இரண்டு மரமும் பிழைத்தன.

நம் ஊர் பேரே ஆலங்காடு. வடாரண்யேஸ்வரர் என்ற சாமி பேருக்கும் ஆலங்காட்டு ஈசன் என்றுதான் அர்த்தம். ஆனா எங்க தெருமுனை ஆலமரத்தைப் போன வருஷம் வெட்டிட்டாங்க. அதன் நிழலில் பஸ்ஸுக்கு நின்ற பாட்டிங்க இப்போ முந்தானையைத் தலையில் போட்டுக்கிட்டு வெயில்ல நிக்கறாங்க.

"ஆல் வேர் சுவரைப் பிளக்குமே" என்பீர்கள். உண்மைதான். அரச வேரும் பிளக்கும். அதனால் கட்டடத்தை விட்டுத் தள்ளி, மைதானத்தின் கடைசி மூலையில் நடுவோம். தண்ணித் தொட்டி சுவரில் முளைத்திருக்கிற அரசங்கன்றையும் வெட்டிப் போடாமல், பக்குவமாய் எடுத்து ஏரிக்கரையில் வைக்கலாம். அரசுக் கட்சிக்கும் சந்தோஷம்!

அடுத்த வருஷம் நாங்க பத்தாவது முடிச்சிட்டுப் போயிடுவோம். விழுது இறங்கப் பல வருஷம் ஆகும். ஆறாம் வகுப்புத் தம்பி தங்கைகளே, அதுவரை யார் தண்ணி ஊத்தப் போறீங்க? பேரைக் கீழே எழுதுங்கள். இடம் விட்டிருக்கிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி