வீட்டிலே விஞ்ஞானம்: மடிக்கணினி தளர்ந்தது ஏன்?

நேற்றுவரை ஓடியாடி உழைத்த மடிக்கணினி, இன்று ஓர் எழுத்தைத் தட்டினால் அது திரையிலே தோன்றுவதற்குள் ஒரு வாய் தேநீர் அருந்திவிடலாம் என்ற நிலைக்கு வந்துவிட்டால் வீட்டார் என் செய்வர்? வயதாகிவிட்டது என்று மூலையிலே வைத்துவிடுவர். அல்லது வைரஸ் புகுந்துவிட்டதென்று அஞ்சி, உள்ளே இருப்பவற்றையெல்லாம் அழித்துவிடுவர். இரண்டும் அவசர முடிவுகளே. பல வேளைகளில் அந்த இயந்திரம் நோயுற்றிருப்பதில்லை. ஏதோ ஒரு காரணத்தால் தன்னைத்தானே அடக்கிக்கொண்டு நடக்கிறது.

எங்கள் தெஹியோவிட்டப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவி ஒருத்தி அண்மையில் எழுதியிருந்தாள். இறுதியாண்டு ஆய்வறிக்கையை ஒப்படைக்க மூன்று கிழமைகளே உள்ளனவாம். பழையதாய் வாங்கிய கணினி திடீரெனத் தளர்ந்துவிட்டது. பட்டணத்துக் கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "போர்ட் போய்விட்டது, புதிதாக வாங்குங்கள்" என்று கூறிவிட்டாராம். தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1350 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது 2024 செப்ரெம்பரிலேதான். அக்கணக்கிலே நூறு பேர் போட்டாலும் சேர்வது 1,35,000 ரூபாய். அதிலும் வீட்டுச் செலவு போக மிஞ்சுவது எவ்வளவு? "அம்மாவிடம் சொல்ல மனம் வரவில்லை, ஐயா" என்று கடிதத்தை முடித்திருந்தாள்.

தேயிலைத் தொழிற்சாலையின் பழைய எஞ்சின்களைக் கண்டோர், அவற்றின் உச்சியிலே சுழலும் இரண்டு உருண்டைகளை மறந்திரார். 1788 இல் ஜேம்ஸ் வாற்று நீராவி எஞ்சினுக்குப் பொருத்திய ஆளி அது. வேகம் மிகுந்தால் உருண்டைகள் அகன்று நீராவியைக் குறைக்கும். வேகம் தணிந்தால் தாழ்ந்து மீண்டும் திறந்துவிடும். கணினிச் சில்லினுள்ளும் அத்தகைய காவல் ஒன்று உண்டு. இன்டெல் நிறுவனம் 2000 ஆம் ஆண்டின் இறுதியில் வெளியிட்ட பென்டியம் 4 சில்லினுள்ளேயே அஃது அமைக்கப்பட்டிருந்தது. இன்றைய மடிக்கணினிச் சில்லுகள் பெரும்பாலும் ஏறத்தாழ 100 பாகை செல்சியசை அண்மித்ததும் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன.

குறைப்பதனால் ஆவதென்ன? சில்லு உண்ணும் வலு, அதன் மீடிறனுக்கு நேர்விகிதத்திலும், மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் அமைவது. மீடிறனைப் பாதியாக்கி, அழுத்தத்தையும் ஐந்தில் நான்காகக் குறைத்தால் வலு மூன்றிலொன்றுக்குச் சற்றே கீழே இறங்கிவிடும். வெறும் 15 வாற்றுக்கென அமைக்கப்பட்ட மெல்லிய கணினிக்கு இஃது எத்துணைப் பெரிய ஆறுதல்! உயர்தரப் பௌதிகம் பயிலும் மாணவர்கள் 0.5 ஐ 0.64 ஆற் பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஆகவே கடையை நாடுமுன் செய்யத்தக்கது ஒன்றுண்டு. கொன்றோல், ஷிப்ற், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தினால் விண்டோசின் 'டாஸ்க் மனேஜர்' தோன்றும். அதிலே 'பெர்போமன்ஸ்' பகுதியிற் சில்லின் வேகம் கிகாஹேட்சிற் காட்டப்படும். ஏதேனும் பாரமான வேலையைக் கொடுத்துவிட்டு அந்த எண்ணையே நோக்குக.

முதலில் உயர்ந்து நின்று, சில நிமிடங்களில் விசிறி ஓலமிட எண் இறங்குமாயின், காரணம் வெப்பமே. கொழுந்தை வாடவைக்கும் தொட்டியிலே இலையை அளவுக்கு மீறிக் குவித்தால் காற்று ஊடுருவாது என்பது நம் தொழிற்சாலைச் சிறுவருக்கும் தெரியும். விசிறிக்கு முன்னுள்ள மெல்லிய உலோகத் தகடுகளுக்கிடையே தூசும் பஞ்சும் கம்பளம்போற் படிந்துவிட்டால் இங்கும் அதே கதைதான். துப்புரவு செய்கையில் விசிறியை விரலால் நிறுத்திக்கொண்டு ஊதுதல் வேண்டும்; சுழலவிட்டு ஊதினால் அச்சுக் கெடும். சில்லின்மேற் பூசிய வெப்பக்களிம்பும் ஆண்டுகள் செல்லக் காய்ந்துவிடும். அதனைப் புதுப்பிப்பது பழகிய கைக்குரிய வேலை. மெத்தைமேல் வைத்துப் படிக்கும் வழக்கத்தைப் பற்றி நான் கூறவும் வேண்டுமோ?

வேகம் ஓரளவு குறைந்து நிற்கிறது, ஆனால் சூடும் இல்லை, சத்தமும் இல்லை என்றால் 'பவர் ஒப்ஷன்ஸ்' அமைப்பைப் பார்க்க. அங்கே சில்லின் உச்ச நிலை 100 வீதத்துக்குக் கீழே வைக்கப்பட்டிருக்கலாம். 99 என்று இருந்தாலே பல சில்லுகளின் மிகைவேகம் நின்றுபோகும்.

மாணவியின் கணினியோ விடியற்காலைக் குளிரிலும் 0.79 இலேயே அசையாது நின்றது. அதனை வெப்பம் என்று கொள்ள இயலாது. சில்லு சூடேறிவிட்டது என்று பலகைக்கு அறிவிக்கும் 'புரொக்ஹொட்' என்னும் சைகைக் கம்பி பல கணினிகளில் இருவழிப் பாதையாகவும் அமைந்துள்ளது. பலகையும் அதே கம்பி வழியே சில்லை அடக்கலாம். சார்ஜர் எத்தனை வாற்று வழங்கும் என்று பலகைக்குத் தெரியாதபோது அவ்வாறு அடக்குவதுண்டு. டெல் கணினிகளின் உருளைச் செருகியின் நடுவே காணப்படும் மெல்லிய ஊசி இந்தச் செய்தியைக் கொண்டுசெல்வதற்கே உள்ளது. ஊசி வளைந்தாலும், உள்ளே கம்பி அறுந்தாலும், செய்தி சொல்லத் தெரியாத மலிவுச் சார்ஜரைப் பொருத்தினாலும், கணினி ஐயுற்று ஒடுங்கிவிடும், பற்றரியும் ஏறாது. சார்ஜரைக் கழற்றிப் பற்றரியில் மட்டும் ஓட்டிப் பார்க்கும்படி எழுதினேன். வேகம் 2.4 க்குத் தாவியதாம்! தோழியின் சார்ஜரைச் செருகியபோதும் குறையவில்லை. பலகை பழுதுபடவேயில்லை.

பற்றரி தளர்ந்தாலும் இத்தகைய அடக்கம் நேரலாம். 2017 ஜனவரியில் வந்த மென்பொருளால் பழைய பற்றரியுள்ள ஐபோன்களின் வேகத்தை அப்பிள் நிறுவனம் குறைத்தது, அவை திடீரென அணைந்துபோகாதிருக்கவே. காரணம் நியாயமானதுதான், ஆனால் வாங்கியவர்களுக்கு அதனை விளங்கச் சொல்லாமல் விட்டது என் கருத்திற் குற்றமே. அவ்வாண்டு டிசம்பரில் மன்னிப்புக் கோரி, பற்றரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 ஆகக் குறைத்தது. 2020 இல் பிரான்சு இரண்டரைக் கோடி யூரோ தண்டமும் விதித்தது.

புரொக்ஹொட் சைகையைப் புறக்கணிக்கச் செய்யும் 'துரொட்டில்ஸ்டொப்' போன்ற மென்பொருள்களும் உள்ளன. காரணம் இன்னதென்று அறிந்தபின், வேறு வழியின்றேல் மட்டும், அவற்றைத் தொடுக. வலுக்குறைந்த சார்ஜரைக் கொண்டு இவ்வாறு ஓட்டினால் சார்ஜர் சூடேறிக் கெடவும் கூடும். பற்றரி உப்பி, அடித்தட்டோ விசைப்பலகையோ மேலெழுந்திருந்தால் எந்தப் பரிசோதனையும் வேண்டாம். மின்னை நிறுத்தி, அழுத்தாமலும் துளைக்காமலும் பழகியவரிடம் ஒப்படைக்க.

மாணவிக்கு இப்போது தேவை ஒரு சார்ஜர் மட்டுமே. கடைக்குச் செல்லும்போது பழைய சார்ஜரையும் கையோடு கொண்டுசெல்க. அதன் சீட்டிலுள்ள உவோற்று எண் ஒத்திருத்தல் வேண்டும்; வாற்று எண் குறையலாகாது, கூடினாற் பாதகமில்லை. பணம் கொடுக்குமுன் கடையிலேயே கணினியைச் செருகி, தொடக்கும்போது எப்2 விசையை அழுத்தி, அமைப்புப் பக்கத்திலே சார்ஜரின் வாற்று எண் தோன்றுகிறதா என்று பார்த்துக்கொள்க.