இருக்கும்போதே எழுதிக் கொடுக்காதீர்கள்

‘கண்ணை மூடுவதற்குள் சொத்தைப் பிள்ளைகள் பேருக்கு எழுதி வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வாரிசு வரி வரும், உயில் கோர்ட்டில் நிற்காது.’ தேவாரத்திலும் போடியிலும் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் முதியவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் அறிவுரை இது. இதை நம்பித்தான் ஆயுள் முழுக்க உழைத்துச் சேர்த்த தோட்டத்தைத் தான செட்டில்மென்டாக எழுதிக் கொடுத்துவிட்டு, மருந்துச் செலவுக்கு மகனின் கையை எதிர்பார்க்கும் நிலைக்கு வருகிறார்கள். இந்த அறிவுரையின் இரண்டு காரணங்களுமே பொய். சொல்கிறவர்கள் நல்லெண்ணத்தோடு சொன்னாலும் பொய்தான்.

முதலில் வரி. இறந்தவரின் சொத்து மீதான வரி இந்தியாவில் ஒரு காலத்தில் இருந்தது உண்மை. 1953-இல் சட்டமாக வந்த அந்த எஸ்டேட் வரி 1985 மார்ச்சிலேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. 2024 தேர்தல் மேடைகளில் அடிபட்ட வாரிசு வரி வெறும் பேச்சு, சட்டமல்ல. உயில் வழியாகச் சொத்து வந்தாலும், பெற்றோர் தானமாகக் கொடுத்தாலும், பெறுகிற பிள்ளைக்கு வருமான வரி கிடையாது. ஆகவே வரிக்குப் பயந்து செட்டில்மென்ட் எழுதுகிறவர் எதையும் மிச்சப்படுத்துவதில்லை. உயிலுக்குத் தேவையில்லாத முத்திரைத்தாள் செலவையும் அவரே இழுத்துக்கொள்கிறார்.

அடுத்தது உயில். எழுதுகிறவர் தெளிந்த மனத்தோடு கையெழுத்திட்டு, இரண்டு சாட்சிகளும் முறைப்படி கையெழுத்திட்டால் உயில் செல்லும். பதிவு கட்டாயமில்லை, செய்து வைத்தால் பின்னால் நிரூபிக்க உதவும். சாக்குலூத்து மெட்டுக்கு அப்பால் கேரளத்தில் நிலம் வைத்திருப்பவருக்கும் ஒரே உயில் போதும். குத்தகைப் பட்டாவில் உள்ள ஏலக்காடு என்றால் மட்டும் அதன் நிபந்தனைகளைத் தனியே படித்துப் பார்க்க வேண்டும். பதிவு செய்த உயிலையும் எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். மகன் ஏற்றுக்கொண்ட செட்டில்மென்டை மனம் மாறியதற்காக ரத்து செய்ய முடியாது. பராமரிக்காத பிள்ளையிடமிருந்து சொத்தை மீட்க 2007-ஆம் ஆண்டின் முதியோர் பராமரிப்புச் சட்டம் வழி தருகிறது. ஆனால் பராமரிப்பு நிபந்தனை பத்திரத்தில் இருந்தாக வேண்டுமா என்பதில், உச்ச நீதிமன்றமே 2022 டிசம்பரில் கறாராகவும் 2025 ஜனவரியில் தாராளமாகவும் தீர்ப்பளித்திருக்கிறது. எழுபது வயதில் அந்த வழக்கைச் சுமந்து உத்தமபாளையம் கோட்டாட்சியர் முன்னால் நிற்க யாருக்குத் தெம்பு இருக்கிறது?

‘எழுதிக் கொடுத்துவிட்டால் பிள்ளைகளுக்குள் வழக்கு வராதே’ என்பார்கள். வரும். இந்துக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்து என்றால் மகளுக்கும் பிறப்பால் சம பங்கு உண்டு என்று 2020 ஆகஸ்ட் 11-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அந்தப் பங்கைத் தந்தையின் செட்டில்மென்டும் பறிக்க முடியாது, உயிலும் பறிக்க முடியாது. ‘மகன் பேரில் இருந்தால்தான் அவனுக்கு வங்கிக் கடனும் மானியமும் கிடைக்கும்’ என்ற வாதத்தில் நியாயம் இருக்கிறது. அதற்கு வேண்டிய அளவு நிலத்தை மட்டும் கொடுக்கலாம். ஆயுள் வரை அனுபவ உரிமையையும் பராமரிப்பு நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளலாம். முழுத் தோட்டத்தையும் நிபந்தனையின்றிக் கொடுக்க அது காரணமாகாது.

பொய்யான தகவல் இவ்வளவு காலம் நிலைத்ததற்குக் காரணம், சொத்து விஷயத்தை நாம் விசாரிக்கும் இடம். பத்திரம் பதிந்தால் கூலி பெறுகிறவரிடமும், சொத்து கைக்கு வரக் காத்திருக்கும் உறவினரிடமும்தான் கேட்கிறோம். சட்டப்பணிகள் ஆணைக்குழு பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவசச் சட்ட உதவி தருகிறது, அங்கே கேட்கலாம். இந்தச் சொத்தில் ஆதாயம் இல்லாத வழக்கறிஞரிடம் கேட்கலாம். யார் அறிவுரை சொன்னாலும் எந்தச் சட்டம், எந்த ஆண்டு என்று கேளுங்கள். பதில் வரும்வரை தோட்டம் உங்கள் பேரிலேயே இருக்கட்டும்.