எக்ஸ்ரே டெக்னீஷியனின் பேட்ஜுக்குள் இருக்கும் 'சாட்சி' கிரிஸ்டல்: அது எப்படி வேலை செய்கிறது?

எக்ஸ்ரே எடுக்கப் போயிருப்பீங்க. மெஷினை இயக்குற டெக்னீஷியனின் நெஞ்சுப் பகுதியில ஒரு சின்ன பேட்ஜ் தொங்குறதைக் கவனிச்சிருக்கீங்களா? பலரும் அதை ஐடி கார்டுன்னு நினைச்சிருப்போம். உண்மையில் அது, அவர் உடம்பு எவ்வளவு கதிர்வீச்சு வாங்கியிருக்கு என்று கணக்கு வைக்கும் கருவி. பேட்டரி கிடையாது, சிப் கிடையாது. எல்லா வேலையையும் பார்ப்பது ஒரு கிரிஸ்டல் பவுடர்தான்.

உள்ளே என்ன இருக்கிறது?

கால்சியம் சல்ஃபேட். எலும்பு முறிஞ்சா போடும் மாவுக்கட்டிலும் இதே பொருள்தான் இருக்கு. ஆனா இதில் டிஸ்புரோசியம் என்ற அரிய மண் தனிமத்தைத் துளியளவு கலந்திருப்பார்கள். ஆயிரம் கால்சியம் அயனிக்கு ஒன்றிரண்டு டிஸ்புரோசியம் இருந்தாலே போதும்.

எப்படித் தயாரிக்கிறார்கள்?

கால்சியம் சல்ஃபேட்டையும் டிஸ்புரோசியம் ஆக்ஸைடையும் அடர் கந்தக அமிலத்தில் கரைப்பார்கள். பிறகு சுமார் 300 டிகிரி செல்சியஸில் அமிலத்தை மெதுவாக ஆவியாக்குவார்கள். அமிலம் போகப் போக, டிஸ்புரோசியத்தை உள்ளே வைத்தபடி கிரிஸ்டல்கள் வளரும். அவற்றைக் கழுவி, சுமார் 700 டிகிரியில் சூடாக்கி, அரைத்துச் சலித்து, டெஃப்லானுடன் சேர்த்துச் சின்ன வட்டுகளாக அழுத்துவார்கள். பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய இந்த வகை பேட்ஜ், பழைய ஃபிலிம் பேட்ஜுக்குப் பதிலாக 1975 முதல் இந்தியாவில் பயன்பாட்டில் இருக்கு.

கிரிஸ்டலுக்கு எப்படி 'ஞாபகம்' வருகிறது?

கதிர்வீச்சு பட்டதும் கிரிஸ்டலுக்குள் எலெக்ட்ரான்கள் இடம்பெயரும். அதில் சில, கிரிஸ்டலின் குறைபாடுள்ள இடங்களில் சிக்கிக்கொள்ளும். சாதாரண வெப்பநிலையில் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். ஆய்வகத்தில் வட்டைச் சூடாக்கும்போது அவை விடுபட்டு, அந்த ஆற்றல் டிஸ்புரோசியத்துக்குப் போய்ச் சேரும். உடனே அது நீலமும் மஞ்சளுமாக ஒளிரும். எவ்வளவு வெளிச்சமோ, அவ்வளவு கதிர்வீச்சு. இதுதான் வெப்ப ஒளிர்வு.

ஒரு பேட்ஜில் ஏன் மூன்று வட்டுகள்?

நம் தசையைவிட கால்சியம் சல்ஃபேட் குறைந்த ஆற்றல் எக்ஸ்ரேயை அதிகமாக உறிஞ்சும். அப்படியே விட்டால் கணக்கு கூடுதலாகக் காட்டும். அதனால் ஒரு வட்டுக்கு முன்னால் உலோகத் தகடு, இன்னொன்றுக்கு பிளாஸ்டிக், மூன்றாவது திறந்தபடி. மூன்று அளவுகளையும் ஒப்பிட்டு, வந்தது என்ன வகைக் கதிர், உண்மையான அளவு என்ன என்று கணக்கிடுவார்கள்.

சரி, இதில் நமக்கு என்ன?

முதல் விஷயம், பேட்ஜ் கவசம் இல்லை. அது கதிரைத் தடுக்காது, எண்ணிக்கை மட்டும்தான் வைக்கும். கதிர்வீச்சுப் பணியாளருக்கான வரம்பு, 5 ஆண்டு சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஒரு ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. கதிர்வீச்சைக் கண்ணால் பார்க்க முடியாது, தொட்டு உணரவும் முடியாது. வரம்பை நெருங்குறோமா என்று சொல்ல அந்த வட்டுகளை விட்டால் ஆள் இல்லை.

பேட்ஜ் டிராயரில் கிடந்தால் ரிப்போர்ட் 'பூஜ்யம்' என்று வரும். அது பாதுகாப்புக்கான சான்று இல்லை, டிராயருக்கான சான்று. ஈய ஏப்ரனோடு சேர்த்து எக்ஸ்ரே அறையிலேயே மாட்டிவிட்டுப் போனால், ஆள் வாங்காத கதிரும் அவர் கணக்கில் ஏறும். நெஞ்சளவில், ஏப்ரனுக்கு உள்ளே அணிந்தால்தான் எண்ணுக்கு அர்த்தம்.

இரண்டாவது விஷயம்தான் முக்கியம். வட்டைச் சூடாக்கிப் படித்ததும் அதிலிருந்த பதிவு அழிந்துவிடும். அடுத்தவருக்குப் பயன்படுத்தத் தயாராகிவிடும். அதாவது, கிரிஸ்டல் மறந்துவிடும். அதன் பிறகு ஆவணம்தான் நினைவில் வைத்திருக்க வேண்டும். அதனால்தான் பேட்ஜ் தருவதோடு நிறுவனத்தின் கடமை முடிவதில்லை. டோஸ் பதிவைப் பராமரிப்பதும், பணியாளர் கேட்டால் கொடுப்பதும், வேலையை விட்டுப் போகும்போது கையில் தருவதும் 2004-ம் ஆண்டு கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகளின்படி நிறுவனத்தின் பொறுப்பு.

உங்க ஃபிரெண்டோ, தங்கையோ ஸ்கேன் சென்டரிலோ, ஆஞ்சியோ லேபிலோ வேலை பார்க்குறாங்களா? சம்பள ஸ்லிப்பைக் கேட்டு வாங்குற மாதிரி டோஸ் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கச் சொல்லுங்க. அதைக் கேட்பதைச் சந்தேகமாகப் பார்க்காமல், வழக்கமாகக் கொடுக்கும் மேலாளர்களும் வேண்டும். சாட்சி சரியாகத்தான் சொல்கிறது. அதைக் கேட்டு எழுதி வைப்பது மனிதர்களின் வேலை.