மணியும் முள்ளும்

கம்ப்யூட்டர் கற்கப் புகும் தமிழ் மாணவனுக்கு இன்று இரண்டு வகை ஆசான்கள் கிடைக்கிறார்கள். ஒருவர், “படத்தைப் பார், மவுஸை அழுத்து, வேலை முடிந்தது, கட்டளை எழுதுவது பழங்காலத்துப் பழக்கம்” என்கிறார். மற்றவர், “கருந்திரையில் கட்டளை எழுதத் தெரியாதவன் விஞ்ஞான மாணவனே அல்லன்” என்கிறார். முன்னவர் சோம்பலை வளர்க்கிறார். பின்னவர் அச்சத்தை வளர்க்கிறார். இருவரையும் மறுக்கவே எழுதுகிறேன்.

தமிழகத்திலிருந்து கோலார் தங்கவயலுக்குப் பிழைக்க வந்த சுரங்கத் தொழிலாளரின் வழிவந்தவன் நான். அங்கே சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழம் கண்டது. கூண்டை இறக்கியும் ஏற்றியும் வந்த எஞ்சின் டிரைவர், ஆழத்தில் இருக்கும் கூண்டைக் கண்ணால் காண இயலாது. மணியொலியே அவருக்குக் கட்டளை. எண்ணிக்கை பிசகினால் உயிருக்கு ஆபத்து. ஆனால் ஆழங்காட்டும் கருவியும் அவர் எதிரே இருந்தது. அதன் முள்ளைக் கொண்டே கூண்டு நிற்கும் இடத்தை அறிந்தார். மணி இருக்க முள் எதற்கென்று அவர் கேட்கவில்லை.

கம்ப்யூட்டரில் மணி எது? கட்டளை வரி. 1969-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் தொடங்கிய யூனிக்ஸின் மரபு அது. 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸிலும் தொடர்கிறது. ஒரு நிரல் தரும் விடையை அடுத்த நிரலுக்கு ஊட்டும் ‘பைப்’ முறை 1973-இல் வந்தது. ஆயிரம் அளவீட்டுக் கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து மூடினால் பொழுது போய்விடும். ஒரு வரிக் கட்டளை அதைச் செய்து முடிக்கும். அந்த வரியை எழுதி வைத்தால், நாம் செய்ததை மற்றொருவர் அப்படியே செய்து சரிபார்க்கலாம். விஞ்ஞானத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

ஏழை மாணவனுக்கும் இது துணை. அனுப்புவது வெறும் எழுத்துகளே ஆதலால், பழைய லேப்டாப்பிலிருந்தும் மந்தமான இணைப்பிலிருந்தும் தொலைவிலுள்ள பெரிய கணினியை இயக்கலாம். உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸில் இயங்குவதை 2017 நவம்பர்ப் பட்டியல் காட்டியது. அவற்றுக்கு வேலை கொடுக்கும் வழக்கமான வாயில் கட்டளை வரியே.

அப்படியானால் படத்திரை வீணா? இல்லை. வரைபடத்தில் ஒரு புள்ளி மட்டும் விலகி நிற்பதைக் கண்தான் பிடிக்கும். அழிக்கச் சொன்னால் கட்டளை வரி பெரும்பாலும் மறுகேள்வி கேட்காமல் அழித்துவிடும். படத்திரையோ குப்பைத் தொட்டியில் இட்டுக் காத்திருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நம் மொழி! கேடிஈ, க்னோம் ஆகிய லினக்ஸ் மேசைத்திரைகளில் தமிழிலேயே பட்டியல்களைப் படிக்கலாம். கருந்திரையோ எழுத்துகளைச் சம அகலக் கட்டங்களில் அடுக்குவது. ‘கொ’ என்ற ஓர் எழுத்தின் கொம்பும் காலும் அங்கே பல சமயம் சிதறிப் போகின்றன. கட்டளைச் சொற்களோ ஆங்கிலம்.

இங்கேதான் நம் கடமை பிறக்கிறது, தோழர்களே! தமிழ்வழியில் படித்து வந்த மாணவன் முதல் வாரத்திலேயே கருந்திரையைக் கண்டு மிரண்டு, “இது எனக்கு ஆகாது” என்று ஒதுங்கினால், இழப்பு அவனுக்கு மட்டுமா? 2001-இல் சுரங்கம் மூடிய பின், தங்கவயல் மக்கள் ஆயிரக்கணக்கில் விடியற்காலை ரயிலேறிப் பெங்களூருக்கு வேலை தேடிப் போகிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைக்கு நாம் பாதிக் கல்வி தரலாமா?

நம் சங்கம் வாரம் ஒரு மாலையை இதற்கு ஒதுக்கட்டும். முதலில் தமிழ்த் திரையைக் காட்டுவோம். பிறகு நாளுக்கு இரண்டு கட்டளையாகத் தமிழில் விளக்குவோம். இருபது கட்டளைகளுக்கு ஒரு சிறு தமிழ்க் கையேடு எழுதுவோம். தெரிந்தவர் தெரியாதவரை ஏளனம் செய்வதை இன்றோடு விடுவோம். மூத்த மாணவர்களே, முதல் மாலைக்கு யார் வருகிறீர்கள்?