தாலி ஏறினா தோழி காணாமப் போயிடுவாளா?

"பொம்பளைங்க ஃப்ரெண்ட்ஷிப் எல்லாம் கழுத்துல தாலி ஏறுற வரைக்கும்தான்." இந்த டயலாக்கை டீக்கடை, ஆபீஸ் கேன்டீன், கல்யாணப் பந்தின்னு எத்தனை இடத்துல கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல. ஏதோ இயற்கை விதி மாதிரி அடிச்சு விடுறாங்க. அந்த நட்பு தானா அறுந்துச்சா, இல்ல அறுத்து விட்டாங்களான்னு ஒருத்தரும் கேக்குறதில்ல.

எங்கம்மா செட்டையே எடுத்துக்குங்க. பெண்கள் பள்ளி, ஹாஸ்டல் வாசம், ப்ளஸ் டூ முடிச்சது 1988-ல. கல்யாணமாச்சு, ஊர் மாறுச்சு, இனிஷியல் மாறுச்சு. கொஞ்ச வருஷத்துல வீட்டுக்கு போன் வந்துச்சு, ஆனா கனெக்‌ஷன் புருஷன் பேர்ல. டெலிபோன் டைரக்டரியைத் தலைகீழாப் புரட்டினாலும் கூடப் படிச்சவ பேர் அதுல இருக்காது. பிரைமரி கீயை நாமளே மாத்திட்டு "ரெக்கார்டைக் காணோம், டேட்டாபேஸ் சரியில்ல"ன்னு சொன்னா எந்த டீம் லீட் ஒத்துக்குவார்?

அவங்களுக்கு உண்மையான டைரக்டரி தாய் வீடுதான். பிரசவத்துக்கோ பொங்கலுக்கோ வரும்போது, "உங்க பொண்ணு இப்ப எந்த ஊர்ல இருக்கா?"ன்னு தோழியோட அம்மாகிட்ட விசாரிச்சு, இன்லேண்ட் லெட்டர் போட்டு, மறுபடி ஒட்ட வெச்சுக்கிட்டாங்க. பெத்தவங்க போய்ச் சேர்ந்து அந்த வீடும் கை மாறினப்போதான் பாதிப் பேர் நிஜமாவே தொலைஞ்சாங்க. வாட்ஸாப் வந்தப்புறம் அதுலயும் சிலரைத் தேடிப் பிடிச்சுட்டாங்க. இதைப் போய் ஆயுசு கம்மியான நட்புன்னு சொல்ல எப்படிங்க மனசு வருது?

பள்ளிக்கூட நட்புன்னா நம்மாளுங்களுக்கு 2004-ல வந்த ஆட்டோகிராஃபும் 2018-ல வந்த 96-ம்தான். ரெண்டுலயும் ஞாபகம் ஆம்பளையோடது, தேடல் காதலுக்கானது. பெண்கள் பள்ளியில ஒண்ணாப் படிச்ச மூணு பேர் பல வருஷம் கழிச்சு சந்திக்கிறதைச் சொன்ன படம் 2017-ல வந்த 'மகளிர் மட்டும்'. அதுலயும் அவங்களைச் சேர்த்து வைக்க வரப்போற மருமக ஒருத்தி கிளம்பி வரவேண்டியிருக்கு. யாழ்ப்பாணத்துல உடுவில் பெண்கள் பள்ளியை போர்டிங்கோட ஆரம்பிச்சது 1824-ல. பொண்ணுங்க ஒண்ணாத் தங்கிப் படிக்க ஆரம்பிச்சு ரெண்டு நூற்றாண்டு ஆச்சு, நாம சொல்லி வெச்ச கதை இவ்வளவுதான்!

"அட, நம்ம பண்பாடே அப்படித்தாம்ப்பா"ன்னு ஒரு கோஷ்டி கிளம்பும். சங்கப் பாட்டைக் கொஞ்சம் பிரிச்சுப் பாருங்க சாமிகளா. தலைவிக்குக் கல்யாணமானதும் தோழி மூட்டையைக் கட்டிட்டுப் போயிடல. பரத்தை வீட்டுக்குப் போயிட்டு வர்ற தலைவனை உள்ள விடாம வாசல்லயே நிறுத்திக் கேள்வி கேக்குறதே அவதான். 'வாயில் மறுத்தல்'னு அதுக்குத் துறையே இருக்கு. பாவம், பேர் மட்டும் அவளுக்கு யாரும் வைக்கல :-)

இப்பவும் பாருங்க. எங்கப்பா செட்டு மீட்டிங்னா ஏலகிரி, ரெண்டு ராத்திரி. "போயிட்டு வரேன்", அவ்ளோதான் பேச்சு. எங்கம்மா செட்டுக்கு காலை பதினொண்ணுலேர்ந்து சாயங்காலம் நாலு வரைக்கும். நடுவுல பத்து தடவை வீட்லேர்ந்து போன். அதுல ஒண்ணு குக்கர் கேஸ்கட் எங்கன்னு.

இந்தத் தடவை அவங்க துணிஞ்சுட்டாங்க. ஜூலை சீசனுக்குக் குற்றாலம், ரெண்டு ராத்திரி. ரூம் புக் பண்ணிக் குடுத்தது அடியேன். செய்தி தெரிஞ்சதும் ஒரு அங்கிள், "அப்ப எங்க சாப்பாட்டுக்கு?"ன்னு கேட்டாராம். அங்கிள், உங்க தெருமுனையில ரெண்டு மெஸ் இருக்கு. நல்லாவே இருக்கும், நான் சாப்பிட்டிருக்கேன்.