49ஆம் நாள்

“மன உறுதி இருந்தால் குடியை விட்டுவிடலாம். இதற்கெல்லாம் ஒரு கூட்டமா?” கிள்ளான் வட்டாரத்தில் மது ஒழிப்பு பற்றிப் பேச ஏறுகிறவர்கள் இந்த ஒரு வரியைச் சொல்லாமல் மேடையை விட்டு இறங்குவதில்லை. பல ஆண்டுகளாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது. மண்டபம் கைதட்டுகிறது. கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கும் ஒருவர், தான் மனிதனே இல்லை என்ற முடிவோடு எழுந்து போகிறார். அவர் எங்கே போவார் என்று எல்லாருக்கும் தெரியும்.

குடிக்கிறவனுக்கு உறுதி இல்லையா? தைப்பூசத்துக்கு முந்தைய 48 நாளைப் பாருங்கள். என் சித்தப்பா லாரி ஓட்டியவர். தண்ணி போடாமல் வீடு திரும்பிய நாள் அபூர்வம். ஆனால் காவடிக்கு விரதம் தொடங்கிவிட்டால் ஒரு சொட்டுத் தொடமாட்டார். கவுச்சி கிடையாது, கட்டில் கிடையாது, தரையில்தான் படுக்கை. பத்துமலையின் 272 படிகளையும் காவடியோடு ஏறுவார். அந்த மனிதரிடம் போய் உனக்கு மன உறுதி இல்லை என்று எந்தப் பேச்சாளர் சொல்வார்?

ஒவ்வோர் ஆண்டும் பூசம் கழிந்த வாரமே பழைய நண்பர்கள், பழைய கடை. ஏன்? அந்த 48 நாளில் அவர் தனியாக இருக்கவில்லை. சித்தி தனிப் பாத்திரத்தில் சமைத்தார். காவடிக் குழுவினர் மாலையில் வந்து கூட்டிப் போய்ப் பஜனையில் உட்காரவைத்தார்கள். கூடக் குடித்தவர்களே, “அண்ணன் விரதம், கூப்பிடாதீங்கடா” என்று ஒதுங்கினார்கள். ஊரே சேர்ந்து சுமந்த விரதம் அது. 49ஆம் நாள் அத்தனை பேரும் அவரவர் பிழைப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள். சித்தப்பாவின் உறுதி எங்கும் போகவில்லை. சுற்றி நின்ற ஆட்கள்தான் கலைந்துபோனார்கள். குடியை விட விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தினர் கூடுவது அந்த 49ஆம் நாளுக்காகத்தான். ஆயுள் முழுக்கத் தொடமாட்டேன் என்ற சத்தியத்தை அங்கே யாரும் வாங்குவதில்லை. இன்றைக்குக் குடிக்காமல் இருப்போம், நாளைக்கு மறுபடி பார்ப்போம். அவ்வளவுதான். அப்படி ஓர் இடம் இருப்பதே சித்தப்பாவுக்குத் தெரியாது. ஈரல் கெட்டு இறந்தார்.

அந்த இயக்கம் பிறந்த கதையே இந்த மேடை வசனத்துக்குப் பதில். 1935 மே மாதம், அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், போன காரியம் கைகூடாமல் ஒரு ஹோட்டலில் நின்றிருந்தார், அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான பில் வில்சன். குடியை விட்டு ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. பக்கத்தில் மதுக்கூடத்தின் சத்தம். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு அறையில் அடைந்துகிடக்கவில்லை. தொலைபேசியை எடுத்துத் தன்னைப் போன்ற இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித், அறுவை மருத்துவர். குடி உடம்பை என்ன செய்யும் என்று படித்தே தெரிந்தவர், தெரிந்தும் விடமுடியாதவர். ஜூன் 10 அன்று அவர் கடைசியாகக் குடித்தார். அந்தத் தேதியையே இயக்கம் தன் பிறந்தநாளாகக் கொள்கிறது.

ஆதாரம் கேட்பவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல், 10,565 பேர் பங்கெடுத்த 27 ஆய்வுகளை அலசியது. நோயாளிகளை முறையாக இந்தக் கூட்டங்களோடு இணைத்துவிடும் சிகிச்சை, தொடர்ந்து குடிக்காமல் இருக்கவைப்பதில் மற்ற சிகிச்சைகளைவிட மேலாக நின்றது.

“அது சர்ச் சமாச்சாரம்” என்பார்கள். யாரும் மதம் மாறச் சொல்வதில்லை, கட்டணமும் இல்லை. குடியை நிறுத்த விருப்பம் இருந்தால் போதும். மானம் போகுமாம். முழுப்பெயர்கூடக் கேட்காத இடத்தில் எப்படிப் போகும்? தெரிந்த முகத்துக்குப் பயந்தால், வேறு ஊரில் நடக்கும் கூட்டத்துக்குப் போங்கள்.

மன உறுதி போதும் என்ற அந்த மேடை வசனம் ஆளையே கொல்லவும் கூடும். ஆண்டுக்கணக்கில் தினமும் அதிகமாகக் குடித்தவர் வீம்புக்கு ஒரே நாளில் நிறுத்தினால் வலிப்பு வரலாம், சித்தம் கலங்கலாம், உயிரும் போகலாம். விரதத்துக்காகச் சட்டென நிறுத்திய சித்தப்பா அதில் தப்பித்தார், எல்லாரும் தப்புவதில்லை. முதலில் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தனி ஆளின் உறுதி மட்டும் போதாது என்பது நம் தாத்தாக்களுக்குப் புரிந்திருந்தது. தோட்டத்துக்கு உள்ளேயே கள்ளுக்கடை இருந்த காலத்தில், அவரவர் மனத்தை அடக்கிக்கொள்ளட்டும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் வெடித்தபோது, கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடு என்பதும் அவர்களுடைய கோரிக்கையாக இருந்தது. கூட்டமாக நின்று கேட்டவர்களின் பேரப்பிள்ளைகளிடம் வந்து, தனியாகச் சமாளி என்கிறார்கள் இந்த மேடைப் பேச்சாளர்கள்.

குடியோடு போராடுகிறவர் இதைப் படித்தால், ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் மலேசியாவைத் தொடர்புகொண்டு பக்கத்தில் எங்கே, எப்போது கூட்டம் என்று கேளுங்கள். தமிழில் பேசலாமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள்; முதல் நாளே பேசவேண்டியதில்லை. குடிக்கிறவரின் மனைவி மக்களுக்கு அல்-அனான் என்று தனிக் கூட்டமே உண்டு.

கோயில் தலைவர்களே, சங்கச் செயலாளர்களே, அடுத்த மது ஒழிப்பு நிகழ்ச்சியில் அந்தப் பழைய வரியை விட்டுவிடுங்கள். கூட்டம் நடக்கும் கிழமையையும் நேரத்தையும் இடத்தையும் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.